இணுவில் வீட்டுக்குச் சுடுதண்ணீர்: சோலாரா, இன்ஸ்ரன்ட் ஹீற்றரா?

இணுவில்_மகள்

எல்லோருக்கும் வணக்கம். வீட்டில் சுடுதண்ணீருக்கு ஒரு நிரந்தர வழி செய்ய வேண்டும். இரண்டு மாதமாக முடிவெடுக்க முடியாமல் இருக்கிறேன்.

அம்மாவுக்கு 74 வயது. முழங்கால் ஒப்பரேசன் முடிந்து ஒன்றரை வருடம். மார்கழி பிறந்தால் பச்சைத் தண்ணீர் மேலில் பட்டதுமே கால் இழுக்கத் தொடங்கிவிடும். அதனால் கேஸ் அடுப்பில் சருவச்சட்டியில் தண்ணீர் கொதிக்க வைத்து, பாத்ரூம் வரைக்கும் தூக்கிக்கொண்டு போய் வாளியில் கலந்து கொடுப்போம். போன கிழமை நான் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பும் அவசரத்தில் இருந்தபோது அம்மா தானே சட்டியைத் தூக்கியிருக்கிறார். சிந்திய தண்ணீரில் கால் வழுக்கி, கதவு நிலையைப் பிடித்து ஒருவாறு நின்றுவிட்டார். இடது கையில் கொப்புளம். விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே முடியவில்லை.

கனடாவில் இருக்கும் தம்பி காசு அனுப்புகிறேன், 200 லீற்றர் சோலார் ஒன்று போடு என்கிறான். இவர், குளிக்கிற இடத்திலேயே, தண்ணீர் ஓடும்போதே சூடாக்கும் இன்ஸ்ரன்ட் ஹீற்றர் ஒன்று பூட்டினால் போதும் என்கிறார். வீட்டில் ஆறு பேர்: அப்பா, அம்மா, நாங்கள் இருவர், பிள்ளைகள் இருவர். வீடு ஓட்டு வீடு. பாத்ரூமுக்கு மேலே மட்டும் கொங்கிறீற் பிளேட் இருக்கிறது, தண்ணீர்த் தாங்கி அதில்தான், தரையிலிருந்து 12 அடி உயரம் வரும். கிணற்றுத் தண்ணீர். மாதம் 110 யூனிற் வரை கரண்ட் பில். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கோண்டாவில்_வயர்மன்

தங்கச்சி, அம்மா தப்பியதே பெரிய விஷயம். இனி சட்டி தூக்க விடாதீர்கள்.

எதை வாங்குவது என்பதற்கு முதல் உங்கள் வயரிங்கைப் பாருங்கள். 3.5 கிலோவாற் இன்ஸ்ரன்ட் ஹீற்றர் 230 வோல்ற்றில் 15 அம்பியருக்கு மேல் இழுக்கும். 4.5 கிலோவாற் என்றால் ஏறக்குறைய 20 அம்பியர். இதை 13 அம்பியர் பிளக்கில் கொழுவவே கூடாது. மெயின் போர்ட்டிலிருந்து தனி லைன் இழுத்து, 4 சதுர மில்லிமீற்றர் வயர் போட்டு, தனி பிரேக்கர் வைத்து, பாத்ரூமுக்கு வெளியே இரண்டு வயரையும் சேர்த்து வெட்டும் சுவிச் ஒன்று போட வேண்டும். உங்களுக்குச் சாதாரண 30 அம்பியர் இணைப்பு என்றால், ஹீற்றரும் தண்ணீர் மோட்டரும் கெற்றிலும் ஒரே நேரத்தில் ஓடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். 4.5, 6 கிலோவாற் பக்கம் போக வேண்டாம் என்பதே என் எண்ணம்.

அடுத்தது ஏர்த், அதாவது கசியும் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கும் கம்பி. இதைத்தான் நான் போகிற எல்லா வீட்டிலும் சொல்கிறேன். எங்கள் பக்கம் இரண்டு அடி கிண்டினால் கல் வந்துவிடும். ஏர்த் கம்பியை முழுதாக இறக்க முடியாமல் பாதியில் வெட்டிவிட்டு, மேலே சீமெந்து பூசிவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். வெளியில் பார்க்க எல்லாம் சரியாகத் தெரியும். போன வருடம் ஒரு வீட்டில் ஷவர் குழாயைத் தொட்டால் விறுவிறுக்கிறது என்று கூப்பிட்டார்கள். ஹீற்றரின் மூடியைக் கழற்றினால், பச்சை வயரின் நுனி கறுப்பு ரேப்பால் சுற்றி ஒரு மூலையில் செருகிக் கிடந்தது. பூட்டியவருக்கு ஏர்த் லைன் கிடைக்கவில்லை, அதனால் அப்படியே விட்டுவிட்டார். அந்த வீட்டில் ஐந்து வயதுப் பிள்ளை ஒன்று இருந்தது.

மின்சாரம் கசிந்தால் தானாக விழுந்து கரண்டை வெட்டும் 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிச் உங்கள் போர்ட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதன் ரெஸ்ற் பொத்தானை இன்றைக்கே ஒருக்கால் அழுத்துங்கள். விழவில்லை என்றால் ஹீற்றர் கதையை நிறுத்திவிட்டு முதலில் அதை மாற்றுங்கள்.

திருநெல்வேலி_மாடிவீடு

நான் ஏழு வருடமாகச் சோலார் பாவிக்கிறேன். 200 லீற்றர், கண்ணாடிக் குழாய் வகை. எனக்கு முழுத் திருப்தி.

எங்கள் ஊர் வெயிலை வீணாக்குவது எனக்கு மனவருத்தம். பங்குனி, சித்திரையில் மாலை நான்கு மணிக்குக் குழாயைத் திறந்தால் கை வைக்க முடியாது. விடிய ஐந்து மணிக்கும் தண்ணீர் சூடாகவே இருக்கும், தாங்கியைச் சுற்றி நல்ல நுரைக் கவசம் இருக்கிறது. குளிக்க மட்டுமல்ல, மனைவி சோறு வைக்கவும் அதிலிருந்து எடுத்துத்தான் உலை வைப்பார், கேஸ் மிச்சம். 2022 பங்குனிக் கடைசியில் 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டிய நாளிலும் எங்கள் வீட்டில் சுடுதண்ணீர் இருந்தது. கேஸ் சிலிண்டருக்கு ஆட்கள் வரிசையில் நின்ற காலம் அது. அதை நான் மறக்க மாட்டேன்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். கார்த்திகையில் மழை பிடித்து மூன்று நாள் வெயில் இல்லாவிட்டால் தண்ணீர் வெதுவெதுப்புத்தான். அந்த நாட்களுக்கென்று தாங்கிக்குள் ஒரு மின் எலிமென்ற் இருக்கிறது, அதைப் போட வேண்டும். பக்கத்து வளவுத் தென்னையிலிருந்து குரும்பை விழுந்து ஒருமுறை ஒரு குழாய் உடைந்தது, மற்றொரு முறை தேங்காயே விழுந்து மூன்று போயின. பனையோ தென்னையோ கூரைக்கு மேலே சாய்ந்து நிற்கும் வீட்டுக்காரர் தட்டை வகையை யோசிப்பது நல்லது, அதன் கண்ணாடி தடிப்பானது.

பூட்டும்போது தெற்குப் பார்த்து வைக்கச் சொல்லுங்கள். யாழ்ப்பாணம் வடக்கு 9.7 பாகையில் இருக்கிறது. சித்திரை நடுப்பகுதியிலிருந்து ஆவணி வரைக்கும் நடுப்பகல் சூரியன் எங்களுக்கு வடக்கே நிற்கும், அப்போது எப்படி வைத்தாலும் சூடு வரும். சுடுதண்ணீர் தேவைப்படும் மார்கழி, தையில் சூரியன் தெற்கே இறங்கியிருக்கும். அதனால் தெற்கே கொஞ்சம் கூடுதலாகச் சரித்து வைத்தால் தேவையான மாதத்தில் உதவும்.

கோண்டாவில்_வயர்மன்

திருநெல்வேலி அண்ணா, உங்களுடையது மாடி வீடு, தண்ணீர்த் தாங்கி அதற்கும் மேலே கோபுரத்தில் இருக்கும். தங்கச்சியின் வீட்டில் தாங்கி 12 அடியில், அதே பிளேட்டில்தான் சோலாரையும் வைக்க வேண்டும். குளிர்தண்ணீர்த் தாங்கியின் அடி, சோலார் தாங்கியின் தலையை விட உயரத்தில் இருந்தால்தான் தண்ணீர் தானாக இறங்கி நிரம்பும். இரண்டும் ஒரே மட்டத்தில் இருந்தால் பாதி தாங்கி காய்ந்தபடி கிடக்கும். அப்படியானால் இருக்கிற தாங்கியை இரும்புச் சட்டம் அடித்து இன்னும் ஐந்தாறு அடி தூக்க வேண்டும். 200 லீற்றர் தண்ணீரே 200 கிலோ, அதோடு சட்டமும் குழாயும். அந்தப் பிளேட் தாங்குமா என்று மேசனைக் காட்டாமல் தொடக்கூடாது. ஓட்டின் மேல் வைக்கும் எண்ணமே வேண்டாம்.

புங்குடுதீவு_கிழக்கு

இரண்டு பேரும் தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லையே. எங்கள் பக்கம் கிணறு சவர். ஐந்து வருடத்துக்கு முன் ஒரு கடையில் சோலார் வாங்கிப் பூட்டினேன். துருப்பிடிக்காத உருக்குத் தாங்கி, ஆயுளுக்கும் கவலை இல்லை என்றார்கள். இரண்டாவது வருடம் தாங்கியின் அடியில் ஈரம் கசிந்தது. வெட்டிப் பார்த்தபோது உள்தகட்டில் ஒட்டு வைத்த ஓரமாக, ஊசியால் குத்தியது போல வரிசையாகத் துளைகள். மற்ற இடமெல்லாம் கண்ணாடி போல மினுங்கியது. விற்றவர் வந்து பார்த்துவிட்டு, உப்புத் தண்ணீருக்கு உத்தரவாதம் இல்லை என்று அட்டையின் பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் இருந்ததைக் காட்டினார். வாங்கும்போது எந்தத் தண்ணீர் என்று அவர் கேட்கவே இல்லை.

இப்போது மாட்டுக்கொட்டில் கூரைமேல் 100 மீற்றர் அரை இஞ்சி கறுப்புப் பொலித்தீன் குழாயைச் சுருட்டி வைத்திருக்கிறேன். ஒரு வாளித் தண்ணீர் அளவுதான் பிடிக்கும், பின்னேரம் மூன்று மணிக்கு நல்ல சூடு. இரவில் ஆறிவிடும். வயலால் வந்து மேல் கழுவ அது போதும்.

ரீச்சர்_இரசாயனம்

புங்குடுதீவுத் தம்பி சொன்ன இடத்தில்தான் இந்தப் பேச்சுத் தொடங்கியிருக்க வேண்டும். நான் பள்ளிக்கூடத்தில் இரசாயனம் படிப்பிக்கிறேன், கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

குடாநாட்டில் ஆண்டு முழுக்க ஓடும் ஆறு கிடையாது. மாரி மழை சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கி அங்கேயே தங்குகிறது, அதைத்தான் கிணற்றில் அள்ளுகிறோம். மழைத் தண்ணீர் மண்ணில் இறங்கும்போது காபனீரொட்சைட்டைக் கரைத்துக்கொண்டு போகும், அந்த மெல்லிய அமிலம் சுண்ணாம்புக்கல்லைக் கரைக்கும். அதனால்தான் எங்கள் தண்ணீர் வன்நீர். சவர்க்காரம் லேசில் நுரைக்காது, தலைமயிர் சிக்குப் பிடிக்கும்.

அதே தண்ணீரைச் சூடாக்கினால் இந்த வேலை தலைகீழாக நடக்கிறது. காபனீரொட்சைட்டு வெளியேறிவிடும், கரைந்திருந்த சுண்ணாம்பு மறுபடி கல்லாகப் படியும். எங்கே சூடு அதிகமோ அங்கேதான் முதலில் படியும், அதாவது எலிமென்றின் மேல். 60 பாகையைத் தாண்டினால் படிவது மிக வேகமாகும். உங்கள் கெற்றிலின் அடியைப் பாருங்கள் பிள்ளை. வெள்ளையாகத் தடித்திருந்தால் ஒரு துண்டைச் சுரண்டி எடுத்துத் தேசிக்காய்ச் சாறு விடுங்கள். நுரைத்துப் பொங்கினால் அது கல்சியம் காபனேற்று. ஹீற்றருக்குள்ளும் அதுதான் நடக்கப் போகிறது.

அளவு தெரிய ஒரு கணக்கு. வன்மை லீற்றருக்கு 180 மில்லிகிராமுக்கு மேல் போனால் மிக வன்மையான தண்ணீர் என்பார்கள். 300 மில்லிகிராம் உள்ள கிணறு என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 150 லீற்றர் அந்தத் தாங்கிக்குள் போனால் 45 கிராம் சுண்ணாம்பு உள்ளே நுழைகிறது, வருடத்துக்கு 16 கிலோ. எல்லாம் படிவதில்லை, பெரும்பகுதி தண்ணீரோடு வெளியே வந்துவிடும். ஆனாலும் அதில் சிறு பங்கு தங்கினாலே போதும், இரண்டு மூன்று வருடத்தில் குழாய் அடைக்க.

தீவுப்பக்கத்திலும் கரையோரத்திலும் கதை வேறு. அங்கே பகை உப்பில் இருக்கும் குளோரைட்டு. நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பது எல்லோருக்கும் தெரியும். அதே மாதிரித்தான் குடாநாடு முழுக்க, நன்னீர் உவரின் மேல் மிதக்கிறது. கோடையில் கூடுதலாக இறைத்தால் உவர் மேலே வரும். சாதாரண 304 ரக உருக்கைச் சூடான உப்புத்தண்ணீர் ஒட்டு வைத்த இடத்தில் துளைத்துவிடும், தம்பி கண்டது அதைத்தான். மொலிப்டினம் சேர்ந்த 316 ரகம் கூடுதலாகத் தாங்கும். உள்ளே எனாமல் பூசிய தாங்கியில் மகனீசியக் கோல் ஒன்று தொங்கும். இரும்புக்குப் பதிலாக அது கரைந்துபோகும். அந்தக் கோலை வருடத்துக்கு ஒருமுறை கழற்றிப் பார்க்க வேண்டும். அப்படி ஒரு கோல் இருப்பதே தெரியாமல் பத்து வருடம் பாவிக்கிற வீடுகள் எனக்குத் தெரியும்.

ஆகவே தாங்கி வகை எடுப்பவர்கள் வெப்பத்தை 50 பாகையில் வைத்தால் சுண்ணாம்பு குறையும்.

வார்ட்_நேர்ஸ்

ரீச்சர், 50 பாகை என்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. வெதுவெதுப்பான தண்ணீர் தாங்கியில் நாள் கணக்கில் நின்றால் லீஜியோனெல்லா என்ற பக்றீரியா வளரும். 20 முதல் 45 பாகை வரைக்கும் அதற்கு நல்ல காலம். நியூமோனியா மாதிரி வரும், வயதானவர்களுக்கு ஆபத்து. அதனால்தான் சேமித்து வைக்கும் சுடுதண்ணீரை 60 பாகையில் வைக்கச் சொல்கிறார்கள். மழைக்காலத்தில் சோலார் தாங்கி மூன்று நாள் 40 பாகையில் நின்றால், பாவிக்க முதல் எலிமென்றைப் போட்டு நன்றாகச் சூடேற்றுங்கள்.

இணுவில் அக்கா, அம்மாவுக்குச் சீனி வருத்தம் இருக்கிறதா? கேட்பதற்குக் காரணம் உண்டு. 60 பாகைத் தண்ணீர் ஐந்து விநாடி பட்டாலே தோல் ஆழமாக வெந்துவிடும். வயதானவர்களின் தோல் மெல்லியது. சீனி வருத்தத்தால் காலில் உணர்ச்சி குறைந்தவர்களுக்குச் சுடுவதே தெரியாது. நான் வேலை செய்யும் வார்ட்டில் இப்படி ஒரு அம்மா வந்தார், காலைச் சுடுதண்ணீர் வாளிக்குள் விட்டுக்கொண்டு இருந்திருக்கிறார், இதமாக இருந்தது என்றார். தோல் உரிந்த பிறகுதான் மகள் கண்டார். அந்தப் புண் ஆற நான்கு மாதம் எடுத்தது.

சோலார் எடுத்தால், குளிர்தண்ணீரையும் சுடுதண்ணீரையும் தானாகக் கலந்து ஒரே வெப்பத்தில் தரும் வால்வ் ஒன்றை அம்மாவின் குழாய்க்குக் கட்டாயம் பூட்டுங்கள். வெயில் நாளில் சோலார் தண்ணீர் 70 பாகையைத் தாண்டும்.

ரீச்சர்_இரசாயனம்

நேர்ஸ் பிள்ளை சொல்வது சரி. நான் சுண்ணாம்பை மட்டும் பார்த்தேன். சுண்ணாம்புக்குப் பயந்தால் வெப்பத்தைக் குறைக்க வேண்டும், கிருமிக்குப் பயந்தால் கூட்ட வேண்டும். தாங்கி இருக்கும் எந்த முறையிலும் இந்த இழுபறி இருக்கும். இன்ஸ்ரன்ட் ஹீற்றரில் தண்ணீர் தங்குவதே இல்லை, 40 பாகைக்கு மேல் போக வேண்டிய தேவையும் இல்லை. எங்கள் தண்ணீருக்கு அது ஒரு பெரிய அனுகூலம். எலிமென்றின் மேல் படியத்தான் செய்யும், ஆனால் பழுதானால் மாற்றுவது ஒரு கைப்பிடி அளவு பாகம்தான்.

ஸ்காபரோ_யாழ்

நான் கனடாவில் இருக்கிறேன். இங்கே எங்கள் வீட்டில் கேஸில் ஓடும் தாங்கியில்லா ஹீற்றர்தான். இரண்டு பாத்ரூமில் ஒரே நேரம் குளிக்கலாம், சுடுதண்ணீர் தீரவே தீராது. ஊரிலும் கேஸ் சிலிண்டர் இருக்கிறதே, அதை ஏன் யாரும் சொல்லவில்லை?

கோண்டாவில்_வயர்மன்

அண்ணா, மாரியில் உங்கள் குழாயில் வரும் தண்ணீர் ஐந்து பாகை அளவு இருக்கும். அதை 40க்கு ஏற்ற 35 பாகை வேண்டும், அதுவும் இரண்டு ஷவருக்கு. அதனால்தான் அங்கே 50 கிலோவாற்றுக்கு மேல் கொடுக்கும் பெரிய மெசின் பூட்டுகிறார்கள். எங்கள் கிணற்றுத் தண்ணீர் 28 பாகை. ஏற்ற வேண்டியது 11, 12 பாகைதான். நிமிடத்துக்கு 3 லீற்றர் விட்டால் 3.5 கிலோவாற் ஹீற்றர் 16 பாகை ஏற்றும். நுவரெலியாவில் இருப்பவர் 3.5 வாங்கினால் நடுங்குவார், யாழ்ப்பாணத்தில் இருப்பவருக்குத் தாராளம்.

கேஸ் ஹீற்றர் மோசமில்லை. 12.5 கிலோ சிலிண்டரில் 400 வாளிக்கு மேல் குளிக்கிற சூட்டில் எடுக்கலாம். ஆனால் அதைப் பாத்ரூமுக்குள் பூட்டவே கூடாது. கதவைச் சாத்திக்கொண்டு குளிக்கும்போது காபன் மொனொக்சைட்டு நிறைந்தால் மணமும் இல்லை, புகையும் இல்லை, மயக்கம் வருவதே தெரியாது. பூட்டுவதென்றால் வெளிச்சுவரில், காற்றோட்டத்தில், மழை படாமல். வயதானவர் இருக்கும் வீட்டுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மானிப்பாய்_பனல்

இன்னொரு வழியும் இருக்கிறது. கூரையில் மின்சாரம் தரும் 5 கிலோவாற் சோலார் பனல் போட்டிருக்கிறேன். மின்சாரத்தில் தண்ணீரைச் சூடாக்கி வைக்கும் 30 லீற்றர் கீசர் ஒன்று, 1.5 கிலோவாற், ரைமர் வைத்து நடுப்பகலில் ஓட விடுகிறேன். 28 பாகையிலிருந்து 65க்கு ஏற 1.3 யூனிற் போகும், ஒரு மணித்தியாலத்துக்குள் முடிந்துவிடும். பின்னேரம் அதைக் குளிர்தண்ணீரோடு கலந்தால் 90, 100 லீற்றர் வரை கிடைக்கும், நாலு பேருக்குக் காணும். கூரையில் தண்ணீர்ப் பாரம் இல்லை, நீளக் குழாயும் இல்லை. பனல் ஏற்கெனவே இருப்பவர்கள் தண்ணீர் சூடாக்கத் தனிச் சோலார் வாங்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. ஒன்று மட்டும், பற்றரி இல்லாவிட்டால் கரண்ட் நிற்கும்போது பனலும் நின்றுவிடும்.

இணுவில்_மகள்

எல்லோருக்கும் மிகவும் நன்றி. மூன்று நாளாக நீங்கள் சொன்னவற்றை ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தேன்.

ட்ரிப் சுவிச்சின் பொத்தானை அழுத்தினேன், விழவில்லை. அது எத்தனை வருடமாக அப்படி இருந்ததோ தெரியாது. பிள்ளைகள் ஈரக் கையோடு சுவிச் போட்டதெல்லாம் நினைவுக்கு வந்து அன்று இரவு நித்திரையே இல்லை. மறுநாளே புதிது மாற்றியாயிற்று.

கெற்றிலின் அடியில் அரிசித் தடிப்பில் வெள்ளை. தேசிக்காய் விட்டதும் சீறிக்கொண்டு நுரைத்தது. பிள்ளைகள் இரண்டும் சுற்றி நின்று பார்த்தார்கள். சின்னவன் இன்னொரு துண்டுக்கும் விடச் சொன்னான்.

நேர்ஸ் தங்கச்சி, அம்மாவுக்கு 12 வருடமாகச் சீனி வருத்தம். பாதத்தில் உணர்ச்சி குறைவென்று கிளினிக்கில் சொல்லியிருக்கிறார்கள். சுடுதண்ணீரோடு அதைச் சேர்த்து நான் ஒருநாளும் யோசித்ததில்லை.

வயர்மன் அண்ணா, ஷவரைத் திறந்து 10 லீற்றர் வாளி வைத்தேன். நிரம்ப 2 நிமிடம் 50 விநாடி. மின்சாரம் பின்னேரம் ஏழு மணிக்கு 205 வோல்ற் காட்டுகிறது. இது சரிவருமா?

கோண்டாவில்_வயர்மன்

வாளிக் கணக்குப்படி நிமிடத்துக்கு மூன்றரை லீற்றர். நல்லது. முழு 230 வோல்ற் இருந்தால் 3.5 கிலோவாற் அதை 14 பாகை ஏற்றும். தாங்கித் தண்ணீர் மார்கழி விடியலில் 24 பாகைக்கு இறங்கினாலும் 38 கிடைக்கும். 205 வோல்ற்றில் ஹீற்றரின் பலமும் குறையும், 3.5 என்று எழுதியிருந்தாலும் 2.8 அளவுதான் வேலை செய்யும். அப்போது 11 பாகை ஏறும். பின்னேரம் தாங்கித் தண்ணீரே வெயிலில் காய்ந்து 29, 30 இருக்கும் என்பதால் அதுவும் போதும். குளிராகப் பட்டால் குழாயைச் சற்றுக் குறைத்தால் சூடு கூடும்.

உங்கள் தாங்கி ஷவரை விட ஐந்தடிதான் உயரம். அழுத்தம் குறைந்த வீட்டுக்கென்று உள்ளேயே சிறு பம்ப் வைத்த ஹீற்றர் வருகிறது. இப்போதைக்குச் சாதாரணமானதே வேலை செய்யும் என்று நினைக்கிறேன், ஆனால் வாங்கும்போது எவ்வளவு அழுத்தம் வேண்டும் என்று பெட்டியில் எழுதியிருப்பதைப் பாருங்கள்.

ரீச்சர்_இரசாயனம்

காசுக் கணக்கையும் நான் போட்டுப் பார்த்தேன். ஒரு லீற்றரை ஒரு பாகை ஏற்ற 1.16 வாற் மணித்தியாலம். ஒருவர் 25 லீற்றரில் குளித்தால், 11 பாகை ஏற்ற 0.32 யூனிற். மாரிக்காலத்தில் நாலு பேர் தினமும் குளித்தால் மாதம் 38 யூனிற். உங்கள் 110, 148 ஆகும், 120ஐத் தாண்டுவதால் அந்த மிச்சத்துக்குக் கூடிய விலை. ஆனால் அது நாலு மாதத்துக்குத்தான். மற்ற எட்டு மாதமும் அம்மா மட்டும் என்றால் மாதம் 10 யூனிற் கூட இல்லை. முழு வருடத்துக்கும் 230 யூனிற் அளவில் நிற்கும். சோலார் போட்டு மிச்சம் பிடிப்பதும் அதிகபட்சம் அவ்வளவுதான். வெயில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கிறோம், எங்களுக்குச் சூடு எவ்வளவு தேவை என்று பார்ப்பதில்லை. லொட்ஜ் நடத்துகிறவருக்கும் பிரசவ விடுதிக்கும் சோலார் இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டு போடலாம், அங்கே வருடம் முழுக்க, நாள் முழுக்கத் தேவை.

திருநெல்வேலி_மாடிவீடு

ரீச்சர், உங்கள் கணக்கு இந்த வீட்டுக்குச் சரி. எங்கள் வீட்டில் எட்டுப் பேர், சட்டி பானை கழுவவும் சோறு வைக்கவும் அதே தண்ணீர்தான். கரண்ட் இல்லாத நாளில் யாரிடமும் கேட்காமல் சூடு கிடைப்பதை யூனிற்றில் எழுத முடியாது. 90களில் கரண்டே இல்லாமல் வளர்ந்தவர்களுக்கு அது விளங்கும். நான் சோலாரை விடமாட்டேன்.

ஒரு விஷயம் ஒத்துக்கொள்கிறேன். கூரையிலிருந்து கீழ் பாத்ரூம் வரை எங்களுக்கு 30 அடி முக்கால் இஞ்சிக் குழாய். திறந்ததும் அதில் நிற்கும் மூன்று லீற்றர் பச்சைத் தண்ணீர் போன பிறகுதான் சூடு வரும். சுடுதண்ணீருக்குச் சாதாரண பி.வி.சி. குழாய் போட்டுவிடாதீர்கள், இளகித் தொய்ந்துவிடும். முதலில் எனக்கு அப்படித்தான் போட்டார்கள், எட்டு மாதத்தில் முழுவதும் மாற்றினேன்.

இணுவில்_மகள்

அப்படியானால் அம்மாவின் பாத்ரூமில் 3.5 கிலோவாற் ஒன்று. மார்கழியில் பிள்ளைகளும் பள்ளிக்கூடத்துக்கு முதல் அதிலேயே குளிக்கட்டும். தம்பியிடம் நேற்றுப் பேசினேன். சோலார் காசில் ஒரு பகுதியைத் தனி லைனுக்கும் ஏர்த்துக்கும், மிச்சத்தைச் சுவரில் பிடிகம்பி பூட்டவும் வழுக்காத தரை ஓடு பதிக்கவும் செலவழிக்கச் சொன்னான். அம்மா கதவு நிலையைப் பிடித்த கதையைச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான்.

சுண்ணாம்பு துப்புரவாக்குவது எப்படி என்று மட்டும் சொல்லுங்கள்.

ரீச்சர்_இரசாயனம்

முதலில் அடைவது ஷவர்ப் பூவின் துளைகள். அதைக் கழற்றி மாதம் ஒருமுறை வினாகிரியில் இரவு முழுக்க ஊற வையுங்கள், காலையில் பழைய பல்துலக்கியால் தேய்த்தால் போய்விடும். துளை அடைந்தால் தண்ணீர் குறையும், தண்ணீர் குறைந்தால் சூடு கூடும், சூடு கூடினால் இன்னும் படியும். அதனால் அதை விட்டுவிடாதீர்கள். உள்ளே இருக்கும் எலிமென்றை நீங்கள் தொட வேண்டாம், வருடத்துக்கு ஒருமுறை வயர்மன் மெயினை நிறுத்திவிட்டுத் திறந்து பார்க்கட்டும்.

வார்ட்_நேர்ஸ்

அக்கா, அம்மா ஷவருக்குக் கீழே போவதற்கு முதல் தண்ணீரை அரை நிமிடம் ஓடவிட்டு, நீங்கள் முழங்கையால் தொட்டுப் பாருங்கள். அம்மாவின் காலால் பார்க்க விடாதீர்கள். இருந்து குளிக்க ஒரு பிளாஸ்ரிக் கதிரையும் வையுங்கள், கால்களில் றப்பர் அடி உள்ளதாக.

கோண்டாவில்_வயர்மன்

ஏர்த் கம்பியைக் கிணற்றடிப் பக்கம், வாழை நிற்கும் இடத்தில் இறக்கச் சொல்லுங்கள். குளித்த தண்ணீர் ஓடும் இடம், கோடையிலும் மண் ஈரமாக இருக்கும். கல் தட்டினால் வெட்டிவிட்டுப் போக விடாதீர்கள், இரண்டு மூன்று அடி தள்ளி வேறு இடத்தில் முயலச் சொல்லுங்கள். ஒன்று போதாவிட்டால் இரண்டு கம்பி இறக்கி ஒன்றாகச் சேர்க்கலாம். முடிந்ததும் மீற்றர் வைத்து அளந்து காட்டச் சொல்லுங்கள். சீமெந்து பூசுவது அதற்குப் பிறகு.